முதல் வரியில் ஸ்ரீ

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கண் கலங்குவதெல்லாம் பிறகு, அதுவும் கோபம் ஓய்ந்தால். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமில் பல வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். கோபப்பட எனக்கு உரிமை உண்டு. பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எந்த ஊரில் இருந்தாலும் பஸ் பிடித்து வந்து, "எம் பேரை எதுக்குட்டி உள்ள நுழைச்ச?" என்று கேட்பார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அதற்கு எனக்குக் கிடைத்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

விண்டோஸ் தொண்ணூற்றைந்து நம்ம ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்த சமயம் அது. எங்கள் மில்லில் மூன்று விதமான கம்ப்யூட்டர்கள் இருந்தன, மூன்றுக்கும் மூன்று குணம். ராஜபாளையம் ஆபீசில் யூனிக்ஸ். ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்து நாலைந்து டெர்மினல். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு இன்னொரு யூனிட் உண்டு, நூலை இரண்டாகச் சேர்த்து முறுக்குகிற இடம். அங்கே ஒரு பழைய டாஸ் மிஷின். மூன்றாவது, முதலாளியின் மகன் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்து தன் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்த விண்டோஸ். அவரை நாங்கள் சின்னவர் என்போம். மில்லை நடத்தியது அவர்தான்.

மூன்று மிஷினிலும் ஒரே மில் பெயர், ஒரே நூல் நம்பர், ஒரே லாட் நம்பர், ஒரே மாதிரி தேதி இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி வைத்திருக்கும் கோப்பைத்தான் செட்டிங் ஃபைல் என்போம். ஒரு லாட் என்றால் ஒரே பஞ்சுக் கலவையில் ஓடிய நூல். கலவை மாறினால் லாட் நம்பரும் மாறும். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். இரண்டு லாட்டைக் கலந்து நெய்து சாயம் போட்டால்தான் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும், நெய்தவன் வயிறெரிந்து லெட்டர் போடுவான். அதனால் நூல் சுற்றிய கோனில் ஒட்டுகிற லேபிளில் லாட் நம்பர் பிசகினால் தொலைந்தோம்.

மற்ற மில்களில் அந்தந்த மிஷினில் அந்தந்த ஆள் உட்கார்ந்து இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். அக்கா அதை ஒப்பவே மாட்டார். மூலம் என்று ஒரே ஒரு ஃபைல் வைத்திருந்தார். அதில் மேல்பாதி 'பொது', மூன்று மிஷினுக்கும் சேர்ந்தது. கீழே ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு 'தனி'. எது மாறினாலும் மூலத்தில்தான் மாற வேண்டும். அங்கிருந்து மூன்றுக்கும் பிரித்து எடுத்து, ஃபிளாப்பியில் போட்டு, எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடி, தயிர்சாதத்துக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கொண்டுபோவார். வீடு அங்கேதான், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில்.

"மிசின்ல கை வைக்காத. மூலத்துல கை வை." இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. இன்னொன்றும் சொல்வார்: "தனின்னா காரணம் எழுது. காரணம் இல்லாத தனிக்குப் பேரு திமிரு."

இந்தத் தனியால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். என் டெர்மினல் தப்பான சாவியைத் தட்டினால் 'கீய்' என்று கத்தும். எனக்கோ ஒற்றைத் தலைவலி. "அக்கா, எம் மிசினுக்கு மட்டும் அந்தச் சத்தத்த நிப்பாட்டிருங்க" என்றேன்.

"ஒனக்கு மட்டும் எதுக்கு? சத்தம் நல்லதுன்னா எல்லாருக்கும் நல்லது. கெட்டதுன்னா எல்லாருக்கும் கெட்டது."

"எனக்குத் தலைவலிக்கா!"

"அது காரணம்தான். இரு, எல்லாத்துலயும் நிப்பாட்டிப் பாப்போம்."

எல்லா டெர்மினலையும் ஊமையாக்கினார். ஒரு வாரம் சொர்க்கம். பிறகு எடைக்கணக்கு ஏற்றுகிற பையன்கள், சத்தம் இல்லாததால் தப்பு தெரியாமல் ஏற்றிவிட்டோம் என்று வந்து நின்றார்கள். மறுநாளே எல்லாம் பழையபடி கத்த ஆரம்பித்தது, என்னுடையதும் சேர்த்து. "தலைவலிக்குத் தைலம் இருக்கு, எடைத் தப்புக்கு என்னட்டி இருக்கு?" என்று கேட்டு மேஜைமேல் ஒரு தைலப் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். அந்த மில்லை விட்டு வருகிறவரை எனக்குத் தலைவலிதான்.

மிஷினோடு போனால் பரவாயில்லை. ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போனோம். கடைக்காரருக்கு அக்காவைச் சின்ன வயசிலிருந்து தெரியும். முன்னால் இருந்த தட்டை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து அன்றைக்குக் கிண்டிய சூட்டுப் பால்கோவாவை எடுத்து வந்தார்.

அக்கா வாங்கவில்லை. "முன்னாடி இருக்கது யாருக்கு?"

"அது வெளியூர் ஆளுகளுக்கும்மா. நேத்துப் போட்டது. கெட்டுப் போகாது."

"அவிய நாக்குக்கு ஒண்ணு, எங்க நாக்குக்கு ஒண்ணா? அதையே குடுங்க எனக்கும்."

நேற்றைய பால்கோவாவை இலையில் கட்டிக்கொண்டு வந்தோம். சூட்டுப் பால்கோவாவின் வாசம் தெருமுனை வரை என் மூக்கில் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் அவர் பக்கம் திரும்பவேயில்லை. அவர் பாட்டுக்கு இலையைப் பிரித்து, "நல்லாத்தான இருக்கு" என்று தின்றுகொண்டு வந்தார். கடைக்காரர் அதற்குப் பிறகு தட்டை மாற்றினாரா என்று கேட்காதீர்கள். அதெல்லாம் கதைகளில் நடக்கும்.

சின்னவருக்கும் அவருக்கும் ஆகாமல் போனதும் இந்தத் தனியால்தான். சின்னவரின் விண்டோஸ் அமெரிக்கா முறையில் மாதத்தை முன்னால் போட்டுத் தேதி காட்டும். மற்ற இரண்டும் நம் முறையில் நாளை முன்னால் போடும். நம் முறைக்கு மாற்ற அக்கா போனார். சின்னவர் விடவில்லை.

"எம் பெட்டி எனக்கு இப்படித்தான் இருக்கணும்."

"சரிங்க சார். காரணம் என்னன்னு போடட்டும்?"

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு போடுங்க."

அப்படியே போட்டுவிட்டார். மூலத்தில், சின்னவர் மிஷினின் தனியில், 'காரணம்: சின்னவருக்குப் பிடித்திருக்கிறது' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து, பிரிண்ட் எடுத்து, வழக்கம்போல ரூம் சுவரில் ஒட்டிவிட்டார். மூலத்தில் என்ன இருக்கிறதோ அது சுவரிலும் இருக்கும், அது அவர் சட்டம். டீ கொண்டு வருகிறவர் முதல் ஆடிட்டர் வரை படித்துவிட்டுச் சிரித்தார்கள். சின்னவரும் ஒருநாள் வந்து படித்தார். சிரிக்கவில்லை.

"எடுத்துருங்கக்கா அதை" என்று நான் கெஞ்சினேன்.

"அவரு சொன்னதுதான? நான் கூட ஒரு எழுத்து சேக்கலையே."

இப்படி ஒரு மனுஷியை என்ன செய்வது? கோபம் மிஞ்சினால் தெலுங்கில் திட்டுவாரே தவிர, வளைந்து கொடுக்கிற பழக்கம் எந்தப் பாஷையிலும் அவருக்கு இல்லை.

இனி முத்துமாரி. பேக்கிங்கில் லேபிள் ஒட்டுகிற பெண். கான்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். நாலு வருஷமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மெமோ எதுவும் வாங்கியிருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவளும் காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்து பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் அக்காவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அக்கா லீவு. விஜயதசமியன்று புது லாட் தொடங்கியது. மூலத்தைத் தொட அக்கா வரட்டும் என்றேன். சின்னவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டின் கணக்கருக்கு போன் போட்டு, உங்கள் மிஷினிலேயே புது நம்பரைப் போட்டு ஃபிளாப்பியைக் கொடுத்தனுப்புங்கள் என்றார். கணக்கர் நல்ல மனிதர். காலையில் கோயிலுக்குப் போய், நெற்றியில் திருமண்ணோடுதான் ஆபீசுக்கு வருவார். எந்தப் பேரேட்டைத் திறந்தாலும் தலையில் ஸ்ரீ போடாமல் ஒரு எழுத்து எழுத மாட்டார். விஜயதசமி, புது லாட், புதுக் கணக்கு. மனிதர் செட்டிங் ஃபைலைத் திறந்தார். முதல் வரிக்கும் மேலே ஒரு வரி உண்டாக்கி, ஒற்றை விரலால் எஸ், ஆர், ஐ என்று அடித்தார். அதற்குக் கீழே புது லாட் நம்பரை அடித்தார். திருப்தியாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

டாஸ் மிஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை. நம்பர் இல்லாத வரியைத் தாண்டிப் போய் அடுத்த வரியைப் படித்துக்கொண்டது. ஃபிளாப்பி ராஜபாளையத்துக்கு வந்தது. "எல்லா இடத்துலயும் ஒண்ணாத்தான இருக்கணும்? அக்கா அதத்தான சொல்லும்?" என்று சின்னவரே உட்கார்ந்து, வேறு மிஷின் ஃபைலை ஏற்றுவதற்கென்று சுவரில் அக்கா ஒட்டியிருந்த கட்டளையைப் பார்த்துப் பார்த்துத் தட்டி அதை யூனிக்ஸில் ஏற்றினார். யூனிக்ஸில் லேபிள் அடிக்கிற புரோகிராமுக்கு வேறு குணம். முதல் வரியில் நம்பர் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் வாய் திறக்காமல் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளும். அன்றைக்கு அது முதல் வரியில் ஸ்ரீயைப் பார்த்தது. பழைய லாட் நம்பரிலேயே புது நூலுக்கெல்லாம் லேபிள் அடித்துத் தள்ளியது. முத்துமாரி ஒட்டினாள்.

மாதக் கடைசியில் துணியில் கோடு விழுந்ததாக லெட்டர் வந்தது. சின்னவர் விசாரித்தார் என்றா நினைக்கிறீர்கள்? பேக்கிங்கில் யார் என்று கேட்டார், முத்துமாரி என்றார்கள், முடிந்தது. பழைய லேபிளை எடுத்து ஒட்டிவிட்டாள் என்று மெமோ அடித்தார். 'தங்கள் கவனக்குறைவால் மில்லின் நற்பெயருக்கு இழுக்கு நேர்ந்துள்ளபடியால், மறு உத்தரவு வரும்வரை பணிக்கு வர வேண்டாம்.' அவ்வளவுதான். நாலு வருஷ வேலை ஒரு வாக்கியத்தில் போனது.

"மிசின் குடுத்ததத்தான ஒட்டுனேன்? நானாவா நம்பர் எழுதுனேன்?" என்று கேட்டில் நின்று அழுதாள். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கத்தினேன். கத்தி என்ன? என் கத்தலை யார் கேட்டார்கள்?

அக்கா அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். பேக்கிங்குக்குப் போய், மீந்து கிடந்த லேபிள் ஒன்றை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார்.

"படி."

படித்தேன். லாட் நம்பர் பழையது. கீழே தேதி புதியது. பழைய லேபிளில் எப்படிப் புதுத் தேதி வரும்? லேபிளிலேயே இருக்கிறது உண்மை. மெமோ அடிக்கத் தெரிந்தவருக்கு அதைப் படிக்கத் தோன்றவில்லை.

அக்கா ஃபைலைத் திறந்தார். மேலே ஸ்ரீ. பிறகு புரோகிராமைத் திறந்து அதையும் பார்த்தார். எழுந்து சின்னவர் அறைக்குப் போனார், பின்னாலேயே நானும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கணக்கு கொண்டுவந்திருந்த கணக்கரும் உள்ளே இருந்தார். அக்கா நடந்ததை நடந்தபடி சொல்லி லேபிளைக் காட்டினார்.

கணக்கருக்கு முகம் வெளிறிவிட்டது. "சாமி பேரு எழுதுனா தப்பு வருமாம்மா?"

"சாமி மேல தப்பில்லங்கய்யா. மிசினுக்குச் சாமி தெரியாது. நம்ம ஆளுக எதை எழுதினாலும் தலையில சாமி பேரு போடுவாகன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பொறந்ததுலேருந்து பாக்கேன். அந்தப் புரோகிராம் நான் எழுதுனது. டாஸ்ல தாண்டிப் போகச் சொன்னேன், யூனிக்ஸ்ல சொல்லாம விட்டுட்டேன். முதல் தப்பு என்னுது."

சின்னவருக்கு மூச்சு வந்தது. "சரி, இருக்கட்டும். அந்த வரியை எடுத்துருங்க. வெளிய லாரி நிக்கி, லேபிள் வேணும்."

"முத்துமாரி உள்ள வரட்டும். பொறவு எடுக்கேன்."

"அது வேற விசயம்."

"ஒரே விசயம்தான் சார். இங்க மட்டும் திருத்திட்டு அங்க அப்படியே விட்டா எப்படி?"

சின்னவர் வேறு வழி கண்டுபிடித்தார். ஒரு வரியை எடுக்க இவள் எதற்கு? ஃபைலைத் தன் விண்டோஸுக்குக் கொண்டுபோய், ஸ்ரீயை அழித்து, ஃபிளாப்பியில் திரும்பக் கொண்டுவந்து அவரே ஏற்றினார். சுவரில் இருந்த கட்டளையை இந்தத் தடவை பார்க்கவில்லை, அவசரம். விண்டோஸில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறி இருக்கும், யூனிக்ஸுக்கு ஒன்று போதும். அந்த உபரிக் குறியை எடுக்கத்தான் சுவரில் கட்டளை. எடுக்காமல் ஏற்றியதால் முதல் வரி நம்பரின் வாலில் அது தொங்கிக்கொண்டு வந்தது. புரோகிராம் பார்த்தது: இது நம்பர் இல்லை. மறுபடியும் பழைய லாட்டையே அடித்தது. சின்னவர் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன வேணும்ங்கீங்க?" என்றார் சின்னவர்.

அங்கேதான் அக்கா அந்த வேலையைப் பண்ணினார். முத்துமாரியை உள்ளே விடுங்கள் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை.

"முத்துமாரிக்கு அடிச்ச மெமோவை ரத்து பண்ணுங்க. பண்ண மாட்டீகன்னா, அதே மெமோவைப் பேரை மட்டும் மாத்தி மூணு பேருக்கு அடிங்க. எழுதுன இவுகளுக்கு, ஏத்துன ஒங்களுக்கு, புரோகிராமை ஓட்டையா விட்ட எனக்கு. கவனக்குறைவுன்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். தனி வேணும்னா காரணம் எழுதுங்க."

கணக்கர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சின்னவர் முத்துமாரியின் மெமோவைக் கிழித்துப் போட்டு, அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவள் ஓடி வந்து பேக்கிங்கில் நின்ற பிறகுதான் அக்கா மூலத்தில் உட்கார்ந்தார். சரியாக ஏற்றினார். சரியான லேபிள் வந்தது. லாரி போனது.

சாயந்தரம் மில் சங்கு ஊதுகிற நேரத்தில் பியூன் ஒரு கவரைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அதே மெமோ. பெயர் மட்டும் மாறியிருந்தது. கணக்கருக்கு வரவில்லை. சின்னவர் தனக்குத் தானே எப்படிப் போட்டுக்கொள்வார்? மூன்றில் ஒன்றுதான் அடித்தார்கள், அக்கா கேட்டு வாங்கிய ஒன்று.

அவர் அதை நின்றபடியே வாசித்தார். "வாக்கியம் மாறல. சரியாத்தான் இருக்கு" என்றார். சம்படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கேட் வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். "கூறு இருக்காக்கா ஒங்களுக்கு? அந்தாளு கையில நீங்களே கம்பை எடுத்துக் குடுத்துட்டு வாரீக! முத்துமாரியை மட்டும் கேட்டுட்டு வாயை மூடியிருக்க வேண்டியதுதான? ஒங்க பேரை எதுக்குச் சேத்தீக?"

"எம் பேரை விட்டுட்டு மத்தவுக பேரை மட்டும் சொன்னா, நானும் சின்னவரும் ஒண்ணுதானட்டி."

"அவரு போட்டுக்கிட்டாரா மெமோ?"

"அது அவரு ஃபைலு" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார். மறு உத்தரவு வரவேயில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. அக்காவுக்குத் திமிர் என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். முத்துமாரி நிரந்தரமானாள். அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழப் பார்த்தாளாம், அவர் திட்டி அனுப்பிவிட்டாராம்.

அடுத்த வருஷம் என் தம்பிக்கு சீட் விசாரிக்க கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே அதே சம்படத்தோடு அக்கா நின்றார். அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் ரூமில் வேலையாம். ஒரு வருஷக் கோபம் எனக்கு. எப்படி இருக்கீக என்றுகூடக் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

"அந்தப் புரோகிராம்ல முதல் வரிய மாத்துனாகளாட்டி?"

"எங்க மாத்துனாக? 'முதல் வரியில் சாமி பெயர் எழுதக் கூடாது'ன்னு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்காக."

அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. வேலை போனதற்கு வராத கோபம். சுற்றி நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி தெலுங்கில் வெளுத்து வாங்கிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "பேப்பரு கிழிஞ்சு போகும். கிழிஞ்சா அடுத்து எவ தலையில விடியும்? நீதான அங்க இருக்க? ஒனக்குப் புரோகிராம் படிக்கத் தெரியும்ல? நம்பர் இல்லாத வரி வந்தா தாண்டிப் போகச் சொல்லு. கடைசி வரைக்கும் நம்பரே இல்லன்னா, பழசப் போடாத, நின்னு கத்தச் சொல்லு. வரிக் கடைசியில உபரிக் குறி இருந்தா வெட்டிரச் சொல்லு. மூலத்துல பண்ணு. மிசின்ல கை வைக்காத."

வேலையை விட்டு விரட்டின மில்லுக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று ஓசியில் வேலை பார்க்கிறார்! "ஒங்களுக்கு வெக்கமே கெடையாதாக்கா?" என்று கேட்டேன்.

"மில்லுக்கா சொல்லுதேன்? லேபிள் ஒட்டுத பிள்ளைகளுக்குச் சொல்லுதேன்" என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மாற்றினேன், திட்டிக்கொண்டேதான். மேலே ஸ்ரீ போட்டுப் பார்த்தேன், தாண்டிப் போனது. விண்டோஸில் திறந்து மூடி, கட்டளை போடாமலே ஏற்றிப் பார்த்தேன், ஏமாறவில்லை. நம்பரை எடுத்துவிட்டுப் பார்த்தேன், நின்று கத்தியது. அந்தக் 'கீய்' சத்தம் அன்றைக்கு ஒருநாள் எனக்குத் தலைவலி தரவில்லை.

அந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. மானிட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சுவரில் இருந்த பேப்பரைச் சுத்தம் பண்ணுகிறவர்கள் கிழித்துப் போட்டிருந்தார்கள். பூஜைக்கு வந்திருந்த கணக்கர் பழக்கத்தில் ஃபைலின் தலையில் ஸ்ரீ அடித்துவிட்டார். யூனிக்ஸ் தாண்டிப் போனது, லேபிள் சரியாக வந்தது. பொரி கடலை கொடுக்கும்போது கணக்கருக்கு அது தெரியவந்தது. முதல் லேபிளைக் கையில் தூக்கிக்கொண்டு, சின்னவர் முதல் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"போன வருசம் சாமி பேரு மேல குத்தம் சொன்னாக. இப்பவும் அதே பேருதான் தலையில இருக்கு. லேபிள் பிசகுதா? எல்லாம் அவன் பாத்துக்கிடுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னவரும் சிரித்துக்கொண்டே ஆட்டினார். முத்துமாரி மட்டும் என்னைப் பார்த்தாள்.

என்னால் முடியவில்லை. "சாமி பாத்துக்கிடல. ஆளு பாத்துக்கிட்டாக" என்றேன். எந்த ஆள் என்று சின்னவர் கேட்டார். அப்போதுதான் அந்தப் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு, ஓடாத மிஷின்களுக்கும் கேட்கிற சத்தத்தில். எந்த வரியில் என்ன மாறியது, யார் சொல்லி மாறியது, போன வருஷம் யார் ஏற்றியதில் நம்பர் பிசகியது, யாருக்கு மெமோ வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

பூஜை லீவு முடிந்து மில் திறந்த அன்றைக்கே பியூன் என் மேஜைக்குக் கவர் கொண்டுவந்தார். பிரித்து வாசித்தேன். கவனக்குறைவு, நற்பெயர், இழுக்கு, மறு உத்தரவு. அக்கா சொன்னது சரிதான், ஒரு வாக்கியம் மாறவில்லை. பெயர் மட்டும் என்னுடையது. சின்னவர் பெயர் போட்டது ஒன்று மட்டும் இன்னும் யாரும் அடிக்கவில்லை.